நிலையான ஐபிக்குப் பணம் கட்டும் முன்: வீட்டு ஃபைபர் இணைப்பின் முகவரியைச் சோதிப்பது எப்படி

வீட்டு ஃபைபர் இணைப்பில் உள்ள கேமராவையோ கோப்புச் சேமிப்பகத்தையோ வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்று யாரிடம் சொன்னாலும், "நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கிவிடுங்கள்" என்னும் ஆலோசனைதான் முதலில் வரும். அது சில வேளைகளில் சரியான ஆலோசனை. பல வேளைகளில் மாதந்தோறும் வீணாகும் பணம். ஏனெனில் இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உங்கள் இணைப்புக்குக் கிடைத்துள்ள, வெளி இணையத்துக்குத் தெரியும் பொது முகவரி உங்களுக்கு மட்டும் உரியதா, முகம் தெரியாத பல வீடுகளோடு பகிரப்படுவதா என்பது முதல் கேள்வி. அந்த முகவரி நாளையும் மாறாமல் இருக்குமா என்பது இரண்டாவது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாததற்கான காரணம் அநேகமாக முதல் கேள்வியில் இருக்கிறது. மக்கள் பணம் கொடுப்பதோ இரண்டாவது கேள்விக்கு. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இவ்விரண்டுக்கும் விடை காண வேண்டும். அதற்கு ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் சில நிமிட நேரமும் போதும்.

முகவரி ஏன் பகிரப்படுகிறது

இன்றும் பரவலாகப் புழங்கும் பழைய வகை முகவரியான ஐபிவி4, 32 பிட் நீளம் கொண்டது. ஆகவே உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. அவற்றிலும் ஒரு பகுதி சிறப்புப் பயன்பாடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. முகவரிகளின் மையக் கையிருப்பை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு, தன்னிடம் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பின் வளர்ந்த ஃபைபர் நிறுவனங்கள், ஏற்கெனவே முகவரி வைத்திருப்பவர்களிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதைப் பலருக்குப் பங்கிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் பங்கிடும் வழியையே தேர்ந்தெடுத்தன. சிஜி-நேட் (நேட் என்பது ஒரு பொது முகவரியைப் பல கருவிகளுக்குப் பங்கிடும் முறை) என்று வல்லுநர்களும், பகிர்வு ஐபி என்று மற்றவர்களும் சொல்வது இதைத்தான்.

இது இயங்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாக விளங்கும். ஒரு முகவரிக்கு வரும் தொடர்புகளைப் பிரித்தறியும் எண்களே போர்ட்டுகள்; ஒரு முகவரியில், தரவு அனுப்பும் இரு முறைகளான டிசிபிக்கு 65,536 போர்ட் எண்களும் யுடிபிக்கு அதே அளவும் உள்ளன. 1,024-க்குக் கீழ்ப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு ஆயிரம் போர்ட் வீதம் பிரித்தால், ஒரே பொது முகவரியின் கீழ் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளை வைக்கலாம். உங்கள் கருவி வெளியே ஒரு தளத்தோடு தொடர்பு கொள்ளும்போது, சேவை நிறுவனத்தின் மையத்தில் உள்ள கருவி "இந்தப் போர்ட் இந்த வீட்டுக்குரியது" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து உங்களிடம் அனுப்புகிறது. தொடர்பு வெளியிலிருந்து தொடங்கும்போதோ அட்டவணையில் எந்தக் குறிப்பும் இருப்பதில்லை. எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாத அந்தத் தரவு அங்கேயே கைவிடப்படுகிறது. உங்கள் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட்டுகளைத் திறந்து வைத்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்: தடை உங்கள் ரவுட்டரில் இல்லை, அதற்கு முன்னாலேயே, உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. தானாகப் போர்ட் திறக்கும் யுபிஎன்பி வசதியும் வீட்டு ரவுட்டரோடு நின்றுவிடும்.

உங்கள் இணைப்பு எந்த வகை

கணினியின் உலாவியில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கவும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்னும் முகவரியில் இருக்கும். கடவுச்சொல் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே நிலவரம், வான் (WAN, வெளிப்பக்க இணைப்பு), இன்டர்நெட் போன்ற தலைப்புகளில் ஒன்றின் கீழ், வெளிப்பக்க இணைப்புக்குரிய ஐபிவி4 முகவரி காட்டப்படும். சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடமே ரவுட்டராகவும் இருந்தால், அந்தப் பக்கத்தில் தொலைபேசிக்கு ஒன்று, தொலைநிலைப் பராமரிப்புக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று எனப் பல இணைப்புகள் வரிசையாக இருக்கக்கூடும். இணையத்துக்குரிய வரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்; மற்றவற்றில் உள்ள உள்முகவரிகளைப் பார்த்துப் பதறிப் புகார் கொடுப்பவர்கள் குறைவில்லை.

அடுத்து, அதே வீட்டு இணைப்பிலிருந்து, உங்கள் பொது முகவரியைக் காட்டும் ஏதேனும் ஒரு தளத்தைத் திறக்கவும். அதற்கு முன், போக்குவரத்தை வேறோர் இடம் வழியாகச் செலுத்தும் விபிஎன் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கைப்பேசியில் பார்ப்பதானால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அந்தத் தளம் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட முகவரியைக் காட்டினால் அது புதிய வகையான ஐபிவி6. இந்த ஒப்பீட்டுக்கு ஐபிவி4 எண் தேவை என்பதால் அதைத் தனியே காட்டும் தளத்தைத் தேடிக்கொள்ளுங்கள். இனி இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் உங்களுக்கே உரிய பொது முகவரி இருக்கிறது. அப்படியும் உள்ளே வர முடியவில்லை என்றால், குறை போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு வரும் தொடர்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்புதல்) அமைப்பிலோ, தேவையற்ற தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலிலோ இருக்கிறது, அல்லது நிறுவனம் குறிப்பிட்ட போர்ட்டைத் தடுத்திருக்கிறது. நிலையான ஐபி வாங்கினாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

இரண்டும் வேறுபட்டு, ரவுட்டரில் உள்ள எண் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எல்லைக்குள் இருந்தால், ஐயத்துக்கு இடமில்லாமல் நீங்கள் பகிர்வு ஐபியில் இருக்கிறீர்கள். இந்தத் தொகுதி இப்பயன்பாட்டுக்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் வழியாக ஒதுக்கப்பட்டது. வீடுகளுக்குள் புழங்கும் 192.168 முகவரிகளோடு மோதிக்கொள்ளக் கூடாது என்பதே நோக்கம். 100-இல் தொடங்கும் எல்லா முகவரிகளும் இப்படியானவை அல்ல. இரண்டாவது எண் 64-க்குக் குறைவாகவோ 127-க்கு மேலாகவோ இருந்தால் அது வழக்கமான பொது முகவரி. கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்னும் விபிஎன் செயலியும் இதே தொகுதியிலிருந்துதான் கருவிகளுக்கு எண் கொடுக்கிறது. ஆகவே உங்கள் கணினியில் 100-இல் தொடங்கும் முகவரி தென்பட்டால் மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ரவுட்டரின் வெளிப்பக்க எண்ணே சான்று.

ரவுட்டரில் 10-இல் தொடங்கும் எண்ணோ, 172.16 முதல் 172.31 வரையிலான எண்ணோ, 192.168-இல் தொடங்கும் எண்ணோ இருந்தால் சற்று நிதானம் தேவை. சில நிறுவனங்கள் பகிர்வு ஐபிக்கு இந்த உள்முகவரிகளையே பயன்படுத்துகின்றன. ஆனால் நிறுவனத்தின் மோடம் ஒரு ரவுட்டராகவும், அதன் பின்னால் நீங்கள் வாங்கிப் பொருத்தியது இன்னொரு ரவுட்டராகவும் இயங்கும் வீடுகளிலும் இதே காட்சிதான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய, கணினியில், தரவு கடந்து செல்லும் கருவிகளை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை இயக்கி முதல் சில வரிகளைப் பாருங்கள். முதல் வரியில் உங்கள் ரவுட்டர் வரும். இரண்டாவது வரியில் 192.168-இல் தொடங்கும் எண் வந்தால் அது பெரும்பாலும் அதே வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மோடம்தான். மோடத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் சென்று அதன் வெளிப்பக்க முகவரியை முன்போலவே ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொது முகவரியாக இருந்தால், மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டுத் தரவை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்பதோடு சிக்கல் தீர்ந்துவிடும்.

ரவுட்டரில் ஐபிவி4 முகவரியே இல்லாமலோ, 192.0.0.2 போன்ற எண்ணோடோ இணையம் ஓடினால், நிறுவனம் தன் வலையமைப்பை ஐபிவி6-இல் நடத்தி, பழைய ஐபிவி4 போக்குவரத்தை அதனுள் பொதிந்து அனுப்புகிறது என்று பொருள். அதுவும் பகிர்வுதான்.

முகவரி மாறுகிறதா என்பதைக் காண்பது எளிது: எண்ணைக் குறித்து வைத்து, ரவுட்டரை அணைத்துச் சிறிது நேரம் கழித்து இயக்கிப் பாருங்கள். பிபிபிஓஇ வழியாக, அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, லாகின் ஆகும் இணைப்புகளில் மறுமுறை இணையும்போது எண் மாறிவிடுவது வழக்கம். முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வழி வரும் இணைப்புகளில் மாதக்கணக்கில் மாறாமலும் இருக்கலாம். மாறாமல் இருந்தது என்பதற்காக மாறாது என்று நம்பிவிடக் கூடாது.

எதற்கு எது தேவை

தளங்களைப் பார்ப்பது, படம் பார்ப்பது, காணொளி அழைப்பு, அலுவலகத்தின் விபிஎன்னில் சேர்வது ஆகிய அனைத்தும் வீட்டிலிருந்து வெளியே செல்லும் தொடர்புகள். இவற்றுக்கு நிலையான ஐபியும் வேண்டாம், தனி ஐபியும் வேண்டாம். வேகம் கூடும் என்று சொல்லி யாரேனும் நிலையான ஐபியை விற்க வந்தால், அவர் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. பகிர்வு ஐபியில் உள்ளவர்களுக்கு நேரும் தொல்லைகள் வேறு வகையானவை. அதே முகவரியில் உள்ள வேறொருவர் செய்த குறும்புக்காக நீங்கள் மனிதர்தானா என்று தளங்கள் அடிக்கடி கேட்கும். விக்கிப்பீடியாவில் தொகுக்க முற்பட்டால் அந்த முகவரி தடைசெய்யப்பட்டிருக்கலாம். விளையாட்டுக் கருவிகளில் நேட் வகை "கடுமையானது" என்று காட்டப்பட்டு, உடன் விளையாடுபவர்களோடு குரல்வழிப் பேச்சு இணையாமல் போகலாம். இவற்றுக்கெல்லாம் மருந்து, பகிரப்படாத முகவரி. அது மாறிக்கொண்டே இருந்தாலும் குற்றமில்லை.

வீட்டுச் சேமிப்பகத்துக்கோ கேமராப் பதிவுப் பெட்டிக்கோ நேரடியாக வர விரும்புபவருக்கும், தனக்கே உரிய மாறும் முகவரி போதும். பெயரை முகவரி எண்ணோடு இணைப்பது டிஎன்எஸ்; டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் ஒரு பெயரைப் பதிந்து ரவுட்டரில் அமைத்துவிட்டால், முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயர் புதிய எண்ணைச் சுட்டத் தொடங்கிவிடும். இதையே பகிர்வு ஐபியில் செய்வது வீண். பெயர் சரியான எண்ணைச் சுட்டினாலும், எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் தொடர்பு நிறுவனத்தின் மையத்திலேயே கைவிடப்படும்.

உண்மையிலேயே மாறாத முகவரி தேவைப்படும் இடங்கள் சிலவே. அலுவலகத்தின் சர்வரோ தரவுத்தளமோ குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அனுமதிக்கும்போது, வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வர் நடத்தும்போது, இரு இடங்களை விபிஎன் கருவிகளால் இணைக்கையில் அக்கருவிகள் பெயரை ஏற்காமல் எண்ணை மட்டுமே கேட்கும்போது நிலையான ஐபி வாங்குவது நியாயம். முதலாவதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பகிர்வு ஐபியில் இருந்துகொண்டு, தளம் காட்டும் பொது எண்ணை அலுவலகத்துக்கு அனுப்பி அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால், அந்த எண்ணைப் பகிரும் அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து அனுமதி கேட்கிறீர்கள். அலுவலகத்தின் வலையமைப்பு நிர்வாகி இதை அறியாமல் சேர்த்துவிடவும் கூடும்.

நிலையான ஐபி இல்லாமலே முடிக்கும் வழிகள்

முதலில் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். "என்னைப் பகிர்வு ஐபியிலிருந்து நீக்கி, மாறும் பொது ஐபி கொடுங்கள்" என்று இதே சொற்களில் கேட்பது முக்கியம். "நிலையான ஐபி வேண்டும்" என்று தொடங்கினால் விற்பனைப் பிரிவுக்கு அழைப்பு போய்விடும். சில நிறுவனங்கள் கேட்பவர்களுக்குக் கட்டணமின்றியே கணக்கின் அமைப்பை மாற்றித் தருகின்றன.

ஐபிவி6 கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். 128 பிட் நீளமுள்ள அந்த முகவரிகளில் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. வீட்டுக்கு ஒரு முழுத் தொகுதியே கொடுக்கப்படுகிறது, வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. 56 பிட் முன்னொட்டு (தொகுதியை அடையாளம் காட்டும் முகவரியின் முற்பகுதி) கிடைத்தால் வீட்டுக்குள் 256 தனி வலையமைப்புகளை அமைக்கலாம். இங்கே போர்ட் ஃபார்வர்டிங் என்பதே தேவையில்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் குறிப்பிட்ட கருவிக்கும் போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும்: வெளியிலிருந்து வருபவரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும், முன்னொட்டு மாறக்கூடியது என்பதால் இங்கும் டைனமிக் டிஎன்எஸ் வேண்டியிருக்கும்.

இவை இரண்டும் கிட்டாதபோது, சொந்தப் பயன்பாட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற விபிஎன் செயலிகளைத்தான். வீட்டுக் கருவி, கையில் உள்ள கைப்பேசி ஆகிய இரண்டும் வெளியே உள்ள ஒருங்கிணைப்புச் சர்வரைத் தாமாகவே தொடர்பு கொள்கின்றன. அப்படி வெளியே செல்லும்போது நேட் அட்டவணையில் உருவாகும் குறிப்புகளைப் பயன்படுத்தி, இரண்டும் நேருக்கு நேர் இணைந்துகொள்கின்றன. அது முடியாத இடங்களில் இடைநிலைச் சர்வர் வழியாகத் தரவு செல்லும். வேகம் குறையுமே தவிர வேலை நிற்காது. குடும்பத்தினர் சிலர் மட்டும் பயன்படுத்தும் சேமிப்பகத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எல்லோரும் வந்து பார்க்கும் தளத்தை வீட்டிலிருந்து நடத்த வேண்டுமானால், வெளியே சிறிய மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு, வயர்கார்ட் என்னும் விபிஎன் மென்பொருளால் சுரங்கம் (இரு முனைகளையும் இணைக்கும் தனி வழி) ஒன்றை அமைக்கலாம். சர்வரின் நிலையான முகவரிக்கு வருவோர் சுரங்கம் வழியாக வீட்டுக்கு வந்து சேர்வார்கள். வீட்டுப் பக்க அமைப்பில், குறித்த இடைவெளியில் சிறு தரவை அனுப்பி இணைப்பை உயிர்ப்போடு வைக்கும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் மதிப்பை 25 விநாடியாக வைக்க மறந்துவிடாதீர்கள். தரவு எதுவும் செல்லாமல் இருந்தால் நேட் அட்டவணை அந்தக் குறிப்பை அழித்துவிடும், சுரங்கமும் ஓசையின்றி அடைபட்டுவிடும். அனுமதிப் பட்டியல் சிக்கலுக்கும் இதுவே விடை: அலுவலகத்துக்குச் செல்லும் போக்குவரத்தை இந்தச் சர்வர் வழியாக அனுப்பினால், மாறாத, பகிரப்படாத முகவரியாக அது தெரியும். வாங்குவதற்கு முன் இதன் வாடகையையும் நிலையான ஐபியின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குவதென்றால்

பணம் கட்டும் முன் எழுத்தில் விடை பெற வேண்டிய கேள்விகள் சில உள்ளன. பொது முகவரி நேரடியாக என் ரவுட்டரின் வெளிப்பக்கத்துக்கே வருமா? "நிலையான ஐபி" என்ற பெயரில் மாறாத உள்முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதனால் எந்தப் பயனும் இல்லை. நிலையானது, ஆனால் பகிரப்பட்டது என்னும் அந்தக் கலவையைத் தவிர்க்கவே இந்தக் கேள்வி. உள்ளே வரும் போர்ட்டுகளில் எவையேனும் தடுக்கப்பட்டுள்ளனவா? குறிப்பாக 25, 80, 443 ஆகியவற்றைக் கேளுங்கள். மின்னஞ்சல் சர்வர் நடத்துவோர், எண்ணிலிருந்து பெயருக்குச் செல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவை நிறுவனம் அமைத்துத் தருமா என்றும் கேட்க வேண்டும். அது இல்லாமல் அனுப்பும் மடல்களைப் பெரிய மின்னஞ்சல் சேவைகள் நிராகரித்துவிடும். திட்டத்தை மாற்றினாலோ வீடு மாறினாலோ எண் தொடருமா, கட்டணம் மாதத்துக்கா ஆண்டுக்கா என்பவையும் தெரிய வேண்டும். எண் கைக்கு வந்ததும் அது ஏற்கெனவே எரித (ஸ்பேம்) தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே வேறு எண் கேளுங்கள்.

அமைக்கும் வேலை இணைப்பைப் பொறுத்தது. பிபிபிஓஇ இணைப்பில் நிறுவனம் தன் பக்கத்தில் உங்கள் கணக்கோடு எண்ணைக் கட்டிவிடும். ரவுட்டரைத் துண்டித்து மறுபடி இணைத்தால் புதிய எண் வந்துவிடும். கையால் பதிய வேண்டிய இணைப்பில் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (தொகுதியின் அளவைக் காட்டும் எண்), கேட்வே (வெளியே செல்லும் வாயிலின் முகவரி), டிஎன்எஸ் என நான்கு விவரங்கள் தரப்படும். மாஸ்க் 255.255.255.252 என்றிருந்தால் நான்கு எண்கள் கொண்ட சிறு தொகுதி. அதில் முதலும் கடைசியும் பயன்படாது, எஞ்சிய இரண்டில் ஒன்று கேட்வே, மற்றது உங்களுடையது. எதையும் மாற்றுவதற்கு முன், பழைய அமைப்புப் பக்கங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். ஒரே இணைப்பில் இணையம், தொலைபேசி போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் விலேன் எண் முக்கியமாக அதில் இருக்க வேண்டும். சொந்த ரவுட்டருக்கு மாறும்போது அந்த ஓர் எண் விடுபட்டு மணிக்கணக்கில் திணறுவது வழக்கம். ஃபைபர் மோடத்தை எக்காரணம் கொண்டும் ரீசெட் பொத்தானை அழுத்தித் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நிறுவனம் பதிந்து வைத்த விவரங்கள் அழிந்துவிட்டால், ஆள் வந்து சரிசெய்யும் வரை இணைப்பு இருக்காது.

பிறகு, வெளியிலிருந்து எட்ட வேண்டிய கருவிக்கு வீட்டுக்குள் மாறாத உள்முகவரியை டிஎச்சிபி ஒதுக்கீடு மூலம் கொடுத்து, அந்த எண்ணுக்குப் போர்ட்டைத் திருப்பி விடுங்கள். சோதனையை வைஃபையில் செய்யாமல், மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். உள்ளிருந்தே தன் பொது முகவரிக்குச் செல்லும் தொடர்பைச் சில ரவுட்டர்கள் கையாளத் தெரியாமல் தடுத்துவிடும். வேலை சரியாக நடந்திருந்தும் நடக்கவில்லை என்று தோன்றும். போர்ட் சோதிக்கும் தளங்கள் "மூடியிருக்கிறது" என்று சொன்னால், அந்தப் போர்ட்டில் ஏதேனும் மென்பொருள் உண்மையில் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

கதவு திறந்த பின்

பகிர்வு ஐபி பாதுகாப்புக்காக உருவானதல்ல என்றாலும், அதன் பின்னால் இருந்தவரை வெளியார் யாரும் உங்கள் ரவுட்டரைத் தட்டிப் பார்க்க முடியவில்லை. பொது முகவரி வந்ததும் அந்த மறைவு போய்விடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஜீமேப் என்னும் மென்பொருள், ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 வெளி முழுவதையும் 45 நிமிடங்களுக்குள் துழாவ முடியும் என்று 2013-ஆம் ஆண்டிலேயே காட்டியது. ஆகவே உங்கள் எண்ணை யாருக்கும் சொல்லவில்லை என்பது ஒரு காவலே அல்ல. 2016-இல் பரவிய மிராய் நச்சுநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித்தான் பிடித்தது.

எனவே மாறும் முகவரியோ நிலையான முகவரியோ, பொது எண் கிடைத்த அன்றே ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, வெளிப்பக்கத்திலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்து, மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். விண்டோஸ் தொலைமேசைக்குரிய 3389 போர்ட்டையும், கேமராவின் நிர்வாகப் பக்கத்தையும் நேராக வெளியே திறக்காதீர்கள். ஒரே ஒரு வயர்கார்ட் போர்ட்டை மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் அதன் வழியே எட்டுவது நல்லது. சரியான திறவுகோல் இல்லாதவர் அனுப்பும் எதற்கும் வயர்கார்ட் பதிலே தராது என்பதால், துழாவுவோர் கண்ணுக்கு அந்தப் போர்ட் இருப்பதே தெரியாது.

நிலையான ஐபியை எப்போதாவது விட்டுவிட முடிவு செய்தால், நிறுவனத்திடம் சொல்வதற்கு முன்பே அலுவலகத்தின் அனுமதிப் பட்டியலிலிருந்தும் டிஎன்எஸ் பதிவுகளிலிருந்தும் அந்த எண்ணை நீக்கச் சொல்லிவிடுங்கள். சில நாட்களில் அது வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்படும். பட்டியலில் எண் அப்படியே இருந்தால், உங்களுக்கு இருந்த அனுமதி அவருக்குப் போய்ச் சேரும்.